அந்தோணியார் நவநாளில் ஒரு செவ்வாய் விட்டுப்போனால் மறுபடி ஒன்றிலிருந்தா?

மெழுகுதிரி — 10 மார்ச் 2025, இரவு

பதின்மூணு செவ்வாய் நவநாள்ல ஒண்ணு விட்டுப்போனா முதல்லேர்ந்து தொடங்கணும், இல்லேன்னா பலிக்காதுன்னு வாட்ஸ்அப்ல ஒரு செபம் சுத்துது. அடியில "13 பேருக்கு அனுப்பவும், அனுப்பாதவர் வீட்டில்..."னு மிரட்டல் வேற. நவநாள்னா ஒன்பது தடவை சொல்ற செபம்தானே, பதின்மூணு எங்கேர்ந்து வந்துச்சு? விட்டுப்போன செவ்வாய்க்கு என்ன செய்யணும்?

கோவில்பிள்ளை — 11 மார்ச், காலை

மிரட்டலை முதல்ல அழிச்சிடுங்க. அனுப்பாதவர் பட்டியல்ல முதல் ஆள் அந்தோணியாரேதான், அவர்கிட்ட போன் கிடையாது.

அவர் இறந்தது 1231 ஜூன் 13, வெள்ளிக்கிழமை. இடம் இத்தாலியில பதுவை நகருக்கு வெளியே அர்செல்லா. அடக்கம் நடந்தது ஜூன் 17, செவ்வாய். வாரத்துல செவ்வாய் அவருக்குன்னு ஆனது இதனாலதான். நம்ம ஊர்ல செவ்வாய்க்கு வேற கணக்கெல்லாம் உண்டு, அதோட இதைக் குழப்பிக்க வேண்டாம்.

ஒன்பது செவ்வாய் வழக்கம் இத்தாலியில பொலோஞா நகரத்துல 1617-ல தொடங்கினதா மரபு. குழந்தை வரம் கேட்ட பெண்ணுக்கு, "பிரான்சிஸ்கு கோவில்ல இருக்கிற என் படத்தை ஒன்பது செவ்வாய் வந்து சந்தி"ன்னு அவர் சொன்னாராம். பிற்பாடு அவர் இறந்த தேதியை வெச்சு ஒன்பதைப் பதின்மூணாக்கிட்டாங்க. ரெண்டுமே செல்லும். பேர் மட்டும் நவநாள்னே நின்னுடுச்சு. பதின்மூணு நாளுக்கு நவநாள்னு பேர் வெச்ச பெருமை நமக்குத்தான்.

இந்த வருசக் கணக்கு: ஜூன் 13 வெள்ளி. அதுக்கு முந்தின செவ்வாய் ஜூன் 10. பதின்மூணு வேணும்னா தொடக்கம் மார்ச் 18, அதாவது வர்ற செவ்வாய். ஒன்பதுன்னா ஏப்ரல் 15. செவ்வாய்க் கணக்கே வேண்டாம், ஒன்பது நாள் போதும்னா ஜூன் 4-ல தொடங்கி 12-ல முடிங்க.

விட்டுப்போன செவ்வாய்க்குத் திருச்சபைச் சட்டத்துல எந்த விதியும் கிடையாது. இது பக்தி முயற்சி, திருவருட்சாதனம் இல்லை. கடைசியில ஒரு செவ்வாய் கூட்டிக்கிடலாம். திருவிழாவுக்கு முன்னாடி முடிக்கணும்னா விட்ட மறுநாள் புதன்கிழமையே சொல்லிடலாம்.

சம்பங்கி — 11 மார்ச்

புதன் சூசையப்பருக்கு உரிய நாள் ஆச்சே. போதாததுக்கு சகாய மாதா நவநாளும் அன்னிக்குத்தான். அங்க போய் அந்தோணியாரைக் கூப்பிட்டா வரிசையில மூணாவதா நிக்கணுமே.

கோவில்பிள்ளை — 11 மார்ச்

மேல டோக்கன் முறை இல்லீங்க.

உப்பளம் — 12 மார்ச்

கோவில்பிள்ளை அண்ணே, நீங்க சொல்றது சும்மா சொல்ற நவநாளுக்குச் சரி. நேர்ச்சையா வெச்சிருந்தா? "இது நடந்தா 13 செவ்வாய் வர்றேன்"னு வாய்விட்டுச் சொல்லியாச்சு, நடந்தும் போச்சு. அப்புறம் ஒண்ணைத் தவறவிட்டா அது கடன்தானே?

கோவில்பிள்ளை — 12 மார்ச்

ரெண்டும் வேற வேற, நேத்து நான் பிரிச்சுச் சொல்லலை. அந்தோணியாருக்கு நேர்ந்துக்கிட்டது கடன்தான். அதையும் பார்த்துடுவோம்.

முதல் கேள்வி, நேர்ச்சைன்னு தெரிஞ்சேதான் சொன்னீங்களா? திருச்சபைச் சட்டம் 1191: நேர்ச்சைங்கிறது யோசிச்சு, சுயமா, செய்ய முடிஞ்ச ஒரு நல்ல காரியத்தைப் பத்திக் கொடுக்கிற வாக்கு. பேருந்து போயிடுமேங்கிற பதற்றத்துல "அந்தோணியாரே, சாவி கிடைச்சா மொட்டை போடுறேன்"னு வாய்ல வந்தது நேர்ச்சையா, புலம்பலாங்கிறது சம்பந்தப்பட்டவருக்கே தெரியும். பெரியவங்க யோசிக்காம இன்னொருத்தர் தலையை வெச்சு நேர்ந்திருந்தா அதுவும் செல்லாது. அவனவன் தலைக்கு அவனவன்தான் நேரணும்.

அடுத்தது, மாத்தலாமா? மாத்தலாம். 1197-ன்படி தனிப்பட்ட நேர்ச்சையைச் செய்தவரே அதுக்குச் சமமான அல்லது அதைவிட நல்ல காரியமா மாத்திக்கிடலாம். குறைச்சுக்கணும்னா மட்டும் அதிகாரம் உள்ளவர் வேணும். பங்குச்சாமியாருக்கு அந்த அதிகாரம் உண்டு (1196), தகுந்த காரணம் இருந்தா நேர்ச்சையை விலக்கவும் செய்வார். ஒரு செவ்வாய் மருத்துவமனையில கழிஞ்சதுன்னா, வேற நாள்ல ஒரு பூசையும் ஒரு ஏழைக்குச் சாப்பாடும் சமத்துக்கு மேல. யார்கிட்டயும் கேக்க வேண்டியதில்லை.

சாமியார்கிட்ட போனா சுருக்கமாச் சொல்லுங்க: என்ன நேர்ந்தீங்க, எப்போ, ஏன் முடியலை. இந்த மூணு போதும். கனவுல பாம்பு வந்ததெல்லாம் அவருக்கு வேண்டாம்.

கோவில்பிள்ளை — 13 மார்ச், அதிகாலை

திருத்தம். நேத்து "அந்தோணியாருக்கு நேர்ந்துக்கிட்டது"ன்னு எழுதிட்டேன், பேச்சு வழக்கு. 1191-லயே தெளிவா இருக்கு: நேர்ச்சை கடவுளுக்குக் கொடுக்கிற வாக்கு. புனிதர் சாட்சி, பரிந்து பேசுறவர். கடன் பத்திரம் அவர் பேர்ல எழுதுறதில்லை.

இதைப் பாமர சனங்களுக்குப் புரியாதுன்னு நினைக்கிறவங்க ஒருத்தர் பேரைச் சொல்லக் கூட்டம் பதில் சொல்ற மன்றாட்டு மாலையைக் கவனிச்சுக் கேட்டதில்லை. தமதிரித்துவத்தைக் கூப்பிடுற இடத்துல "எங்கள்மேல் இரக்கமாயிரும்"னு வரும். மாதாவுலேர்ந்து கீழே எல்லாருக்கும் "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்". எழுதப் படிக்கத் தெரியாத ஆச்சிக்கும் அந்த மாத்தம் நாக்குலயே இருக்கு. ஒருநாளும் தவறாது. ஆராதனை, வணக்கம்னு பாடம் நடத்துறவங்கதான் மைக் முன்னாடி மாத்திச் சொல்லிடுறாங்க.

நவநாளை வழிநடத்துறவங்களுக்கு இந்த இடத்துல ஒரு எச்சரிக்கை. வேகமா வாசிச்சா கூட்டம் ஒரு அடி பின்தங்கும். அப்போ கடவுளுக்கு "வேண்டிக்கொள்ளும்" போயிடும். கடைசியில ஆட்டுக்குட்டி வரிகள்ல பதில் மூணு தரமும் வேற வேற. அங்க வேகத்தைக் குறைச்சு ஒவ்வொண்ணுக்கும் ஒரு மூச்சு விடுங்க.

மெழுகுதிரி — 15 மார்ச்

தொலைஞ்ச பொருளுக்கு இவர்கிட்ட போறது எப்படி வந்துச்சு? இவர் பெரிய பிரசங்கி, 1946-ல மறைவல்லுநர் (திருச்சபையின் ஆசிரியர்) பட்டம் கொடுத்திருக்காங்க. அவ்வளவு பெரிய ஆளைப் போய் மூக்குக்கண்ணாடி தேட வைக்கிறோம்.

கோவில்பிள்ளை — 15 மார்ச்

அவர் பொருளே தொலைஞ்சதாலதான். சங்கீதப் புத்தகம் ஒண்ணு வெச்சிருந்தார். கையெழுத்துப் பிரதி, ஓரத்துல பாடம் சொல்றதுக்கான அவருடைய குறிப்புகள். அச்சு இல்லாத காலம், போனா போனதுதான். சபையை விட்டு ஓடின நவசந்நியாசி ஒருத்தன் அதையும் எடுத்துட்டுப் போயிட்டான். அந்தோணியார் செபிச்சார், அவன் திரும்பி வந்து புத்தகத்தையும் கொடுத்து, சபையிலயும் சேர்ந்துட்டான்.

கவனிங்க, தொலைஞ்சதில்லை, திருடு போனது. அதனால காவல்நிலையத்துல ரெண்டு பிரிவையும் அவரே பார்க்கிறார். அவர் பேர்ல 13-ம் நூற்றாண்டுலயே ஸ்பையர் யூலியன் எழுதின பதிலுரைப் பாட்டுல, சாவு, தொழுநோய், பேய் எல்லாம் விலகும்னு சொல்லிட்டு, இழந்த அவயவங்களையும் பொருள்களையும் சின்னவங்களும் பெரியவங்களும் கேட்டுப் பெறுவாங்கன்னு வருது. மூக்குக்கண்ணாடி அதுல அடக்கம்.

தேடுற முறையும் சொல்லிடுறேன், இதுல பக்தியும் நடைமுறையும் சரிபாதி. முதல்ல உட்காருங்க, நின்னுக்கிட்டே செபிக்கிறவன் பாதி செபத்துல கட்டிலுக்கு அடியில குனிவான். ஒரு பரலோக மந்திரம், ஒரு அருள்நிறை மந்திரம், ஒரு திரித்துவப் புகழ். பிறகு கடைசியா அந்தப் பொருளைக் கையில வெச்சிருந்த நேரத்தை நினைச்சு அங்கேர்ந்து முன்னோக்கி நடங்க. ஏற்கெனவே தேடின இடத்தை இன்னொருத்தரைத் தேடச் சொல்லுங்க, உங்க கண்ணு அங்க "இல்லை"ன்னு தீர்ப்பு எழுதியாச்சு. சாவின்னா நேத்துப் போட்ட உடுப்பு, பூட்டு, கதவோட வெளிப்பக்கம். கண்ணாடின்னா முதல்ல தலை. செபமாலை தலையணை உறைக்குள்ள போயிருக்கும்.

காணிக்கையை முன்கூட்டி ஏலம் விடாதீங்க. பத்து ரூபாய்லேர்ந்து ஏத்திக்கிட்டே போறவங்க, பொருள் கிடைச்சதும் "சட்டைப் பையிலதான் இருந்துச்சு, இதுக்கெல்லாம் எதுக்கு"ன்னு இறங்கிடுறாங்க.

உப்பளம் — 16 மார்ச்

1991-ல அவர் தாடையே திருடு போச்சே, அதைச் சொல்லலையா?

கோவில்பிள்ளை — 16 மார்ச்

அதை விட்டுட்டனே! பதுவைப் பேராலயத்துல அவர் நாக்கும் தாடையும் தனித்தனிப் பேழையில இருக்கு. 1263-ல கல்லறையைத் திறந்தப்போ உடல் மண்ணாகிப்போக நாக்கு மட்டும் அழியாம இருந்துச்சு. அப்போ சபைத் தலைவரா இருந்த பொனவெந்தூர் அதைக் கையில எடுத்து ஆண்டவரைப் புகழ்ந்தார். 1991 அக்டோபர்ல முகமூடி போட்ட ஆள்கள் துப்பாக்கியோட உள்ள வந்தாங்க. குறி நாக்கு. பதற்றத்துல எடுத்தது தாடைப் பேழை. டிசம்பர்ல ரோம் விமான நிலையத்துக்குப் பக்கத்துல கிடைச்சுது.

ரெண்டே மாசம். அவரவர் துறையில அவரவர் வேலை சுத்தம்.

அடக்கத்துக்கு நாலு நாள் ஆனதும் இதே மாதிரிக் கதைதான். இறந்த இடத்துக்காரங்க உடலைத் தர மாட்டோம்னு நின்னாங்க, பதுவைக்காரங்க விடலை, நகர அதிகாரி வந்து தீர்த்து வைக்க வேண்டியதாச்சு. வெள்ளி செவ்வாயா ஆனது அந்தச் சண்டையால. அவங்க அன்னிக்கே சமாதானமாப் போயிருந்தா நம்ம நவநாள் வேற கிழமையில இருந்திருக்கும்.

சம்பங்கி — 18 மார்ச், முதல் செவ்வாய்

சுரூபம் (சிலை) பத்தி ஒரு புகார். பல கோவில்கள்ல சூசையப்பருக்கு முன்னாடி நின்னு அந்தோணியார் செபம் சொல்றாங்க. ரெண்டு பேர் கையிலயும் குழந்தை, ரெண்டு பேர் கையிலயும் லீலி.

அடையாளம் சொல்றேன், மனசுல வெச்சுக்கோங்க. தாடி இருந்தா சூசையப்பர். மழிச்ச முகம், தலையில வட்டமா முடி, இடுப்புல மூணு முடிச்சுக் கயிறு இருந்தா அந்தோணியார். அந்தோணியார்கிட்ட பெரும்பாலும் புத்தகம் இருக்கும், குழந்தை அது மேல உட்கார்ந்திருக்கும். சூசையப்பர்கிட்ட தச்சு வேலைச் சாமான் இருக்கலாம். தாடியும் இருந்து, கைத்தடியும் மணியும் பக்கத்துல ஒரு பன்றியும் இருந்தா அது வேற அந்தோணியார்: வனத்து அந்தோணியார், எகிப்துப் பாலைவனத்துத் துறவி, திருநாள் ஜனவரி 17. நம்ம ஊர்ல பொங்கலை ஒட்டி அசனம் (பொது விருந்து) போடுறது இவருக்குத்தான்.

வர்ணம் அடிக்க ஆள் கூப்பிடும்போது பழைய படத்தை அச்செடுத்துக் கையில கொடுங்க. வாயால சொன்னா அந்தோணியாருக்குத் தாடி வந்துடும்.

உப்பளம் — 18 மார்ச்

அக்கா, பொங்கல் அசனம் வனத்துச் சின்னப்பருக்கு. அந்தோணியாருக்கு இல்ல.

சம்பங்கி — 19 மார்ச்

ஆமா, தப்பு என்னுது. வனத்துச் சின்னப்பர் வேற ஆள், முதல் வனவாசி, ஜனவரி 15. திருத்தூதர் சவுல் சின்னப்பரும் இல்லை. சின்னப்பர்ங்கிற பேரே பவுல்ங்கிற லத்தீன் சொல்லோட பொருள், "சின்னவர்". அந்தக் காலத்துச் சாமியார்கள் பேரை எழுத்து மாத்தாம பொருளை மாத்தினாங்க: லாசர் தேவசகாயம் ஆனார், யோவான் அருளப்பர் ஆனார். சூசை மாதிரிச் சில பேருக்குப் போர்த்துக்கீசு ஓசை ஒட்டிக்கிச்சு.

ரெண்டு வனத்தாரும் ஒருத்தரையொருத்தர் சந்திச்ச கதையும் ஜெரோம் எழுதி வெச்சிருக்கார். சின்னப்பருக்குத் தினமும் அரை அப்பம் காகம் கொண்டுவருமாம், அறுபது வருசமா. அந்தோணியார் வந்த அன்னிக்கு முழு அப்பம் வந்துச்சாம். விருந்தாளி வர்றது காகத்துக்குத் தெரிஞ்சிருக்கு. நம்ம ஊர்க் காக்கா கரையத்தான் கரையும், அப்பம் கொண்டுவராது.

ஜனவரி 15, 17 ரெண்டும் பக்கத்துப் பக்கத்துல வர்றதாலதான் குழப்பமே.

கோவில்பிள்ளை — 22 மார்ச்

சுரூபம்னு பேச்சு வந்ததால. பழைய சுரூபம் பாரிஸ் சாந்து. ஈரத் துணி போடவே கூடாது. தண்ணி வர்ணத்துக்கு அடியில போய் உப்புப் பூத்து, செதில் செதிலா உரியும், கடலோரத்துல ரெண்டு மடங்கு. காய்ஞ்ச மெல்லிய தூரிகையால மேலேர்ந்து கீழே தட்டினா போதும். இப்போ வர்ற ஃபைபர் சுரூபத்துக்கு ஈரத்துணி தாங்கும், மெழுகுதிரிச் சூடு தாங்காது.

அந்தோணியார் சுரூபத்துல முதல்ல உடையிறது எப்பவும் குழந்தையோட கை, அடுத்து லீலித் தண்டு. காரணம் மாலை. கழுத்துல போடுற மாலை பெரிசானா ஒரு சுத்து குழந்தையோட கைல தொங்கும். தண்ணி தெளிச்ச பூவோட பாரம் முழுக்க அந்தச் சின்ன மணிக்கட்டுல. மாலையைச் சுரூபத்துக்குப் போடாம பீடத்தோட விளிம்புல சுத்துங்க. கேக்காத ஆள்களுக்கு: கழுத்துக்கு ரெண்டு முழம், அதுக்கு மேல வேண்டாம்.

பிரேசில், போர்த்துக்கல் பக்கம் இந்தக் குழந்தைக்கு வேற ஆபத்து. வரன் தேடுற பெண்கள் அந்தோணியாரைத் தலைகீழா நிறுத்தி வைப்பாங்க, இல்லேன்னா கையிலேர்ந்து குழந்தையை எடுத்து ஒளிச்சு வெச்சுட்டு, "மாப்பிள்ளையைக் காட்டும், அப்புறம்தான் பிள்ளை"ன்னு பேரம். ஆள்கடத்தல். ஆனாலும் லிஸ்பன்ல அவர் திருவிழாவை ஒட்டிக் கூட்டமா கல்யாணம் நடக்கத்தான் செய்யுது. அவர் பிறந்த ஊரே அது. நம்ம ஓரியூர் அருளானந்தரும் (ஜான் தி பிரிட்டோ) லிஸ்பன்லதான் பிறந்தார்.

அதே போர்த்துக்கல்ல 1668-ல அவரை லாகோசு படைப்பிரிவுல சிப்பாயாச் சேர்த்து, 1683-ல கேப்டன் பதவி உயர்வும் கொடுத்தாங்க. இறந்து நாலு நூற்றாண்டு கழிச்சு. நம்ம ஆள்களுக்குப் பதவி உயர்வுக்கோப்பு மெதுவாப் போகுதுன்னு வருத்தப்படுறவங்க கவனிக்க.

மெழுகுதிரி — 23 மார்ச்

தேர்வு நேரம். பிளஸ் டூ பிள்ளைங்களுக்கு அந்தோணியார் பார்ப்பாரா, வேற ஆள் உண்டா?

சம்பங்கி — 23 மார்ச்

கூப்பர்தீனோ சூசையப்பர், இவர் வேற சூசையப்பர், திருநாள் செப்டம்பர் 18. படிப்பு ஏறாத மனுசன். திருத்தொண்டர் பட்டத் தேர்வுல ஆயர் நற்செய்திப் புத்தகத்தைத் திறந்து ஒரு வரியைக் கேட்டார்: "உம்மைச் சுமந்த வயிறு பேறுபெற்றது." அவருக்கு விளக்கத் தெரிஞ்ச ஒரே வரி அது. குருப்பட்டத் தேர்வுல முதல்ல போனவங்க பிரமாதமாப் பதில் சொன்னதால, ஆயர் மிச்சப் பேரைக் கேக்காமலே தேர்ச்சி போட்டுட்டார். இவர் மிச்சத்துல இருந்தார்.

பிள்ளைங்ககிட்ட ரெண்டு கதையையும் சொல்லுங்க, ஆனா தேர்வு முடிஞ்ச பிறகு சொல்லுங்க. முன்னாடி சொன்னா ஒரே பாடத்தைப் படிச்சுட்டுப் போவான்.

கோவில்பிள்ளை — 14 ஏப்ரல்

நாளைக்கு ஏப்ரல் 15, ஒன்பது செவ்வாய் எடுத்தவங்களுக்கு முதல் நாள். ஆனா ஈஸ்டருக்கு முந்தின பெரிய வாரம். பல பங்குகள்ல இந்த வாரம் நவநாள் வைக்க மாட்டாங்க, சுரூபத்துக்கு முன்னாடி அலங்காரமும் இருக்காது. மார்ச்ல தேதி கணக்குப் போட்டப்போ நான் இதைப் பார்க்கலை. வீட்டுலயே சொல்லிக்கோங்க, கணக்குல வரும். கோவில் நவநாள்தான் வேணும்னா 22-ல தொடங்கி ஜூன் 17-ல முடிங்க. திருவிழாவுக்குப் பின்னாடி போனாலும் அந்த 17 செவ்வாய், அடக்கம் நடந்த தேதி, கிழமையும் அதே. 1231 போலவே இந்த வருசமும் 13 வெள்ளி, 17 செவ்வாய்.

யோசிச்சா இதுதான் ஒன்பதுக்கு நல்ல முடிவு. முதல்லயே சொல்லியிருக்கணும்.

உப்பளம் — 10 மே

புதுப் பாப்பிறை பதினான்காம் லியோ அகுஸ்தீன் சபை. அந்தோணியாரும் முதல்ல அகுஸ்தீன் சபைதானே? நம்ம ஆள்!

கோவில்பிள்ளை — 10 மே

பாதி சரி. அந்தோணியார் 1220-ல பிரான்சிஸ்கு சபைக்கு வர்றதுக்கு முன்னாடி லிஸ்பன்லயும் கோயிம்பிராவுலயும் அகுஸ்தீன் ஒழுங்கைப் பின்பற்றின மடத்துக் குருக்கள்ல ஒருத்தர். பாப்பிறையோட சபை வேற, அது 1244-ல உருவானது. அந்தோணியார் இறந்து பதின்மூணு வருசம் கழிச்சு.

பதின்மூணு! இதை வாட்ஸ்அப்ல போட்டுடாதீங்க.

சம்பங்கி — 2 ஜூன்

லீலி. ஜூன் 13-ல லீலி மந்திரிக்கிற (ஆசீர்வதிக்கிற) சடங்கு பழைய சடங்கு நூல்ல உண்டு. பூக்கடையில லில்லியம் விலையைக் கேட்டுட்டு வர்றவங்களுக்கு, தமிழ்நாட்டுல சூசையப்பருக்கும் அந்தோணியாருக்கும் லீலி வேலையைக் காலங்காலமாப் பார்க்கிறது சம்பங்கிதான். என் பேரைப் பார்த்துச் சொல்றேன்னு நினைக்காதீங்க. தண்டோட வாங்குங்க, அடியில ரெண்டு மூணு மொட்டு விரிஞ்சு மேல மொட்டா இருந்தா மூணு நாள் நிக்கும். உதிரியா வாங்கினா சாயங்காலமே பழுப்பு.

லில்லியமே வேணும்னா பூ விரிஞ்ச உடனே உள்ள இருக்கிற ஆரஞ்சு மகரந்தப் பையைக் கிள்ளிடுங்க. பீடத் துணியில விழுந்தா கறை போகாது. விழுந்துட்டா ஈரத்துணியால தேய்க்காதீங்க, பரவும். காய்ஞ்சபடியே விட்டு, ஒட்டு நாடாவை மேல வெச்சு ஒத்தி எடுங்க. மிச்சத்தை வெயில்ல போட்டா வெளுக்கும்.

மெழுகுதிரி — 5 ஜூன்

அந்தோணியார் அப்பம் கொடுக்கணும்னு இருக்கேன். எவ்வளவு, எப்படி?

கோவில்பிள்ளை — 5 ஜூன்

இதுக்குத்தான் இவ்வளவு நாளாக் காத்திருந்தேன். பொருள் கிடைச்ச பிறகு தொலைஞ்சுபோறது இந்த அப்பம்தான்.

மூலம் ரெண்டு. பழையது, பதுவையில தொட்டித் தண்ணியில மூழ்கின தொம்மாசினோங்கிற குழந்தை. பிழைச்சா எடைக்கு எடை தானியம் ஏழைகளுக்குத் தர்றேன்னு தாய் நேர்ந்துக்கிட்டா. நம்ம துலாபாரம் மாதிரியேதான். புதுசு, 1890-ல பிரான்சுல தூலோன் துறைமுகத்துல லூயிஸ் பூஃபியேங்கிற கடைக்காரப் பெண். கடைப் பூட்டு திறக்கலை, பூட்டுக்காரர் கொண்டுவந்த சாவி எதுவும் சேரலை, கதவை உடைக்க வேண்டிய நிலை. ஏழைகளுக்கு அப்பம் தர்றேன்னு சொல்லிட்டு மறுபடி திருகினதும் திறந்துச்சு. அங்கேர்ந்து உலகம் பூரா அந்தோணியார் அப்பத்துக்கு உண்டியல் வந்துச்சு.

இப்போ நடைமுறை. நூறு பேர் வருவாங்கன்னா நூத்திப்பத்து பன். செவ்வாய் நவநாளுக்கு நூறுன்னா, திருவிழா அன்னிக்கு அந்தக் கணக்கு உதவாது, பங்குல கேட்டுக்கோங்க. சின்ன வெறும் பன் போதும். கிரீம் பன் ஜூன் வெயில்ல ஊசும், வெட்டின ரொட்டி நசுங்கும். பேக்கரியில மூணு நாள் முன்னாடி சொல்லி அன்னிக்குக் காலையில சுட்டது வாங்குங்க. சூடா இருக்கும்போது பிளாஸ்டிக் பையில கட்டினா வேர்த்துச் சாயங்காலத்துக்குள்ள நொசநொசன்னு ஆயிடும். மூங்கில் கூடை, மேல பருத்தித் துணி.

மந்திரிக்கிறதைப் பூசை முடிஞ்ச பிறகு வைக்கச் சொல்லுங்க, நன்மை (நற்கருணை) வழங்குற நேரத்துல கூடை பீடத்துப் பக்கமே இருக்கக் கூடாது. வெளியூர்க்காரங்களும் வேற மதத்தவங்களும் செவ்வாய்க்கிழமை நிறைய வர்ற கோவில் இது. கொழும்பு கொச்சிக்கடை அந்தோணியார் கோவில்ல அப்படித்தான், இங்கயும் அப்படித்தான். எது நற்கருணை, எது மந்திரிச்ச அப்பம்னு மைக்ல ஒரு தரம் சொல்லிட்டா யாருக்கும் சங்கடம் இல்லை. அப்பம் எல்லாருக்கும் உண்டு.

குழந்தை எடைக்கு அரிசி தர்றவங்க, ஆதரவற்றோர் இல்லத்துக்கு முன்னாடியே போன் போட்டு என்ன அரிசி ஆக்குறாங்கன்னு கேளுங்க. புழுங்கல் ஆக்குற இடத்துல பன்னிரண்டு கிலோ பாசுமதியைக் கொண்டு இறக்கிட்டு வர்றது தானம் இல்லை, தொந்தரவு.

உப்பளம் — 5 ஜூன்

எடை போடும்போது பிள்ளையைச் செருப்போட நிறுத்தலாமா?

கோவில்பிள்ளை — 5 ஜூன்

நிறுத்துங்க. ஏழைக்கு இருநூறு கிராம் கூடும்.

மெழுகுதிரி — 11 ஜூன்

பதின்மூணு செவ்வாய் முடிஞ்சுது. நடுவுல ஒண்ணு புதன்ல போச்சு. இன்னொரு சந்தேகம்: எல்.இ.டி. மெழுகுதிரி செல்லுமா?

சம்பங்கி — 11 ஜூன்

உங்க பேருக்கு அது துரோகம்.

கோவில்பிள்ளை — 11 ஜூன்

செபத்துக்குத் திரி கட்டாயமில்லை, அதனால செல்லும் செல்லாதுங்கிற பேச்சே இல்லை. வீட்டுல சின்னப் பிள்ளைங்க, திரைச்சீலை, மின்விசிறி இருந்தா எல்.இ.டி.தான் புத்தி. மெழுகுல ஏத்தினா மணல் போட்ட தட்டுல நிறுத்துங்க, சுரூபத்துக்கு ஒரு முழம் தள்ளி. கரி படிஞ்ச அந்தோணியார் முகம் எத்தனையோ கோவில்ல தாடி மாதிரி தெரியுது, அப்புறம் மறுபடி சூசையப்பர்னு கும்பிடுவாங்க.

மெழுகுதிரி — 17 ஜூன், இரவு

நூத்திப்பத்து பன்னுல எட்டு மிச்சம்.

கோவில்பிள்ளை — 17 ஜூன்

கோவில் வாசல்ல செருப்புப் பார்த்துக்கிறவருக்கும் ஆட்டோ நிறுத்தத்துக்கும் கொடுத்திருக்கீங்களா? அங்கதான் எப்பவும் குறையும்.

மெழுகுதிரி — 17 ஜூன்

இதோ போறேன். வண்டிச் சாவியைக் காணோம், ஒரு நிமிசம்.